பீச்சாங்கை பாப்பாவும் ஒரு ராத்திரி மேட்சும்

உங்க வீட்டுல அஞ்சுலேர்ந்து எட்டு வயசுக்குள்ள வாண்டுங்க யாராச்சும் இருக்காங்களா? அக்கா பசங்க, சித்தப்பா பசங்க, எதிர் வீட்டு அறுந்த வாலு... யாரா இருந்தாலும் சரி. இருந்தா இதை முழுசா படிங்க. இல்லேன்னாலும் படிங்க. என்னைக்காவது ஒரு நாள் நீங்களும் மாட்டத்தான் போறீங்க!

விஷயம் இதுதான். மூணு பொடிசுங்களை நிஜமான கிரிக்கெட் மேட்ச் பார்க்கக் கூட்டிட்டுப் போனேன். தனியா. பஸ்ல. அதுவும் ராத்திரி மேட்சுக்கு.

எங்க ஊரு புதுச்சத்திரம். சேலத்துலேர்ந்து நாமக்கல் போற ஹைவேயில வரும். சுத்தி கோழிப்பண்ணை, ரோட்டுல லாரி, காலையில வரிசையா காலேஜ் பஸ். பெரிய கிரிக்கெட்டுக்கும் எங்களுக்கும் ரொம்ப நாளா இருந்த ஒரே சம்பந்தம் டி.வி. பெட்டிதான். சேப்பாக்கம் போகணும்னா ஒரு ராத்திரி முழுக்க பஸ்ல உட்காரணும். மேட்ச் டிக்கெட் காசை விட பஸ், சாப்பாடு, தங்கறதுன்னு ஆகற காசு பயமுறுத்தும்.

அந்தக் கதை 2020 பிப்ரவரியில மாறிச்சு. வாழப்பாடி பக்கத்துல காட்டுவேப்பிலைப்பட்டியில சேலம் கிரிக்கெட் ஃபவுண்டேஷன் மைதானத்தைத் திறந்தாங்க. அப்போ முதல்வரா இருந்த எடப்பாடி பழனிசாமி திறந்து வெச்சார். விழாவுக்கு ராகுல் டிராவிட்டே வந்திருந்தார்! 2022-ல டி.என்.பி.எல். மேட்சும் அங்கே வந்துடுச்சு. 2016-ல ஆரம்பிச்ச லீக் அது. முதல் வருஷமே கப் அடிச்ச தூத்துக்குடி டீம்தான் 2021-லேர்ந்து சேலம் ஸ்பார்ட்டன்ஸ். ஆக, டீமும் நம்ம பேர்ல, கிரவுண்டும் நம்ம பக்கத்துல. இதுக்கு மேல வீட்டுல உட்கார்ந்து டி.வி. பார்த்தா சாமி கண்ணைக் குத்தும்.

2024-ல சீசனே ஜூலை 5-ம் தேதி சேலத்துலதான் தொடங்குச்சு. அந்த வாரத்துல ஒரு மேட்சுக்கு நான் தனியா போறதாதான் பிளான். செருப்பை மாட்டும்போது அக்கா மகள் பாத்துட்டா. ஏழு வயசு. வீட்டுல எல்லாருக்கும் பாப்பா. "மாமா, நானும்!" அவ தம்பி குட்டிக்கு அஞ்சு வயசு, அக்கா எங்கே போனாலும் ஒட்டிக்குவான். சத்தம் கேட்டு எதிர் வீட்டு ஆறு வயசு வாண்டும் டிராயரை இழுத்துவிட்டுக்கிட்டு வந்து நின்னுட்டான். அக்கா ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டா: "மூணையும் முழுசா கொண்டாந்து சேர்த்துடுறா!"

சேலம் புது பஸ் ஸ்டாண்டுல இறங்கி ஆளுக்கொரு தட்டுவடை செட். அங்கேர்ந்து ஆத்தூர் பஸ்ஸைப் பிடிச்சு வாழப்பாடி. ஏழே கால் மேட்சுக்கு ஆறரைக்கே போய்ச் சேர்ந்துட்டோம். ஃபிளட் லைட்டைப் பார்த்ததும் மூணு வாயும் 'ஆ'ன்னு தொறந்துச்சு. 'அட, நாம ஹீரோ ஆயிட்டோம்டா'ன்னு நெனைச்சேன். அந்த ஹீரோயிஸம் சரியா ரெண்டு ஓவர் தாங்குச்சு.

பிரச்னை என்னன்னா, மேட்ச் டி.வி.யில வர்ற மாதிரி இருக்கும்னு அதுங்க நம்பி வந்திருக்குங்க. பந்து கண்ணுக்கே தெரியல. ஒரு விக்கெட் விழுந்துச்சு. அந்த நேரம் பார்த்து வாண்டு குனிஞ்சு செருப்புல ஒட்டின பாப்கார்னைப் பிச்சுக்கிட்டு இருந்தான். நிமிர்ந்து, "அண்ணா, மறுக்கா போடச் சொல்லுங்க"ங்கறான். யார்கிட்ட சொல்றது? அம்பயர்கிட்டயா? குட்டிக்கு டிரம்ஸ் சத்தம் பயம், ரெண்டு காதையும் பொத்திக்கிட்டான். பாப்பா மட்டும் எதுவும் கேக்காம முன்னாடி கம்பியையே பார்த்துக்கிட்டு இருந்தா. நான் பந்தைப் பார்த்ததை விட வாட்டர் பாட்டில் மூடியைத் தேடினதுதான் அதிகம். 'இதுங்களை ஏன்டா கூட்டிட்டு வந்தோம்'னு மனசுக்குள்ள நூறு தடவை சொல்லிட்டேன். உண்மையைச் சொல்றேன், அந்த நிமிஷம் அதுங்க எனக்கு லக்கேஜ் மாதிரிதான் தெரிஞ்சுது.

முதல் இன்னிங்ஸ் முடிஞ்சுது. குட்டி ஒத்தை விரலைக் காட்டினான். அவனைப் பார்த்து வாண்டும் காட்டினான். "பாப்பா, நீ இங்கேயே உட்காரு. அசையக் கூடாது"ன்னு சொல்லிட்டு, பக்கத்து சீட்டு அக்காகிட்ட "கொஞ்சம் பாத்துக்கங்க"ன்னு ஒப்படைச்சுட்டு ரெண்டு பேரையும் இழுத்துக்கிட்டு ஓடினேன். பாத்ரூம்ல அனுமார் வால் மாதிரி க்யூ.

திரும்பி வந்தா சீட் காலி.

"உங்க பின்னாடியே வந்துச்சேங்க!"ங்கறாங்க அந்த அக்கா. எனக்கு அடிவயிறு ஜில்லுன்னு ஆயிடுச்சு. இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணுன்னு பிடிச்சுக்கிட்டு அந்தக் கூட்டத்துல ஓடறேன். மஞ்சள் கவுன். சுத்திப் பார்த்தா எங்கே பார்த்தாலும் மஞ்சள். அவ கையில என் போன் நம்பர் இல்லை. அவளுக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச நம்பரும் எதுவும் இல்லை. அக்கா சொன்ன 'முழுசா'ங்கற வார்த்தை காதுக்குள்ள திரும்பத் திரும்ப ஓடுது. பந்தோபஸ்துக்கு நின்ன போலீஸ்காரர் ஒருத்தர், "பதறாதீங்க தம்பி, என்ன கலர் டிரெஸ்?"னு கேக்கறார். 'மஞ்சள்'ங்கற ரெண்டு எழுத்தைச் சொல்ல... பாருங்க, எத்தனை எழுத்துன்னுகூட இன்னும் எனக்குத் தெளிவா இல்லை, அந்தப் பதற்றம்!

ஒரு ஆறு நிமிஷம் இருக்கும். மூணு செமஸ்டர் அரியர் வந்தாலும் அந்தப் பயம் வராது.

முன்னாடி கம்பி வேலி ஓரமா நின்னுக்கிட்டு இருந்தா. ரெண்டு கையாலயும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, மூஞ்சியை அதுலயே அழுத்திக்கிட்டு. உயிர் வந்துச்சு. கூடவே கோவமும் வந்துச்சு. முதுகுல ஒண்ணு வைக்கலாம்னு கையை ஓங்கிட்டேன்.

அவ திரும்பவே இல்லை. "மாமா, அங்கே பாரு. அந்த அண்ணன் பீச்சாங்கையில போடுறாரு."

பவுண்டரி ஓரத்துல ஒத்தை ஸ்டம்ப்பை நட்டு வெச்சு ஒரு பௌலர் வார்ம்-அப் பண்ணிக்கிட்டு இருந்தார். இடது கை. யாருன்னு எனக்குத் தெரியல. ஓடி வர்றார், போடறார், ஸ்டம்ப் எகிறுது. மறுபடியும் நடறாங்க. மறுபடியும் எகிறுது.

பாப்பா கேட்டா: "அவரோட அம்மாயி அவரை அடிக்கலையா?"

ஓங்கின கை அப்படியே இறங்கிடுச்சு.

இங்கே ஒரு ஃபிளாஷ்பேக். பாப்பா பொறந்ததுலேர்ந்தே இடது கைக்காரி. பென்சில், ஸ்பூன், கல்லு எல்லாம் அந்தக் கைதான். எங்க அம்மா, அதாவது அவளோட அம்மாயி, சோத்துல அந்தக் கை போனா மணிக்கட்டுல 'பட்'டுனு ஒண்ணு வெப்பாங்க. கடையில காசை அந்தக் கையால நீட்டினா கடைக்காரர் வாங்கமாட்டார், "கையை மாத்து கண்ணு" என்பார். எழுதும்போதும் பென்சிலை மாத்திவிட்டுக்கிட்டே இருப்பாங்க. இதெல்லாம் கூடப் பரவாயில்லைங்க. எங்க வீதி கிரிக்கெட்டுல அவளுக்கு பௌலிங் தர்றதுக்கு முன்னாடி நான் என்ன சொல்லுவேன் தெரியுமா? "சோத்தாங்கையில போட்டாத்தான் பந்து!" அவளும் அந்தக் கையில போடுவா. பந்து சாக்கடையில விழும். எல்லாரும் சிரிப்போம். பொம்பளப் புள்ளைக்கு பௌலிங் வராதுன்னு ஒரு தீர்ப்பு வேற! இதைச் செஞ்சது யாரு? இன்ஜினீயரிங் படிக்கற நான். டிசைனையே தப்பா மாட்டிட்டு மெஷின் ஓடலைன்னு சொல்ற கேஸ்.

ரெண்டாவது இன்னிங்ஸ்ல பாதியில குட்டி என் தோள்ல தூங்கிட்டான். கடைசி பஸ் பயமும் வந்துடுச்சு. யார் ஜெயிச்சாங்கன்னு பாக்காமயே கிளம்பிட்டோம். கேட்டைத் தாண்டும்போது உள்ளே 'ஹோ'ன்னு ஒரு சத்தம். சிக்ஸரா, விக்கெட்டா? தெரியாது. வேற நாளா இருந்தா அழுதிருப்பேன்.

பஸ்ல வர்றப்ப பாப்பாவுக்கு நடராஜன் கதையைச் சொன்னேன். இதே சேலம் மாவட்டத்துல சின்னப்பம்பட்டிக்காரர். டென்னிஸ் பந்துல ஆடி வளர்ந்தவர். டி.என்.பி.எல்.ல யார்க்கரா போட்டு எல்லாரையும் திரும்பிப் பார்க்க வெச்சார். 2017 ஐ.பி.எல். ஏலத்துல பஞ்சாப் டீம் 3 கோடி ரூபாய் குடுத்து எடுத்துச்சு. 2020 டிசம்பர் 2-ம் தேதி கான்பெராவுல முதல் ஒரு நாள் மேட்ச். அதே டூர்ல டி20, அப்புறம் 2021 ஜனவரியில பிரிஸ்பேன்ல டெஸ்ட். ஒரே டூர்ல மூணு வகை கிரிக்கெட்டுலயும் அறிமுகமான முதல் இந்தியர். 2023-ல சொந்த ஊருலயே ஒரு கிரவுண்டும் கட்டிட்டார். எல்லாம் அந்தப் பீச்சாங்கையாலதான்.

"ஏன் மாமா, பீச்சாங்கையில போட்டா அவுட் ஆயிடுவாங்களா?" சூப்பர் கேள்வி. நூறு பேர்ல சுமார் பத்துப் பேருக்குத்தான் இடது கைப் பழக்கம். அதனால பேட்ஸ்மேனுங்க சின்ன வயசுலேர்ந்து பெரும்பாலும் வலது கை பௌலிங்கையே ஆடிப் பழகியிருப்பாங்க. இடது கைக்காரர் ஓடி வந்தா பந்து கிளம்பற இடமே வேற, வர்ற கோணமே வேற. கால் ஒரு பக்கம் போகும், பேட் ஒரு பக்கம் போகும். அமெரிக்காக்காரங்க உயிரை விடற பேஸ்பால்லயும் இதே கதைதான். இடது கையால எறியறவங்களுக்கு அங்கே தனி மவுசு. உத்தரப்பிரதேசத்துக் கிராமத்துப் பையன் ரிங்கு சிங் (ஐ.பி.எல். ரிங்கு இல்லை பாஸ், இவர் வேற), ஈட்டி எறிஞ்சுக்கிட்டு இருந்தவர். பந்து எறியற டி.வி. போட்டி ஒண்ணுல ஜெயிச்சு, 2008-ல பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் டீமோட கான்ட்ராக்ட் போட்டார். அவரும் இடது கைதான்! 2014-ல வந்த 'மில்லியன் டாலர் ஆர்ம்' படம் அவங்க கதைதான். மியூஸிக் நம்ம ஏ.ஆர்.ரஹ்மான். சச்சின்கூட பேட் பிடிச்சது வலது பக்கம், கையெழுத்து போடறது இடது கையில.

இதையெல்லாம் சொல்லி முடிச்சுத் திரும்பிப் பார்த்தா, பாப்பா எப்பவோ தூங்கிட்டா. இடது கை மட்டும் என் சட்டையைக் கெட்டியா பிடிச்சிருந்துச்சு.

சரி, நீங்க கூட்டிட்டுப் போறப்ப நான் பண்ணின தப்பைப் பண்ணாதீங்க. பேனாவால அதுங்க கையில உங்க போன் நம்பரை எழுதிடுங்க. உள்ளே போனதும் 'தொலைஞ்சா இங்கே வந்து நில்லு'ன்னு ஒரு இடத்தைக் காட்டி வெச்சுடுங்க. மூணே கால் மேட்ச் இருந்தா அதையே பிடிங்க, தூங்கறதுக்குள்ள வீடு வந்துடலாம். காதுல வைக்கப் பஞ்சு எடுத்துக்கங்க. ரெண்டு பேருக்கு ஒரு பெரியவங்கங்கறது கணக்கு. முக்கியமா, மேட்சை நீங்க பார்க்கப் போறதில்லைன்னு பஸ் ஏறும்போதே முடிவு பண்ணிக்கங்க. அதுங்க எதைப் பாக்குதுங்களோ அதைப் பாருங்க. நாம ஸ்கோர் போர்டைப் பார்த்துக்கிட்டு இருக்கறப்ப, அதுங்க வேற ஏதோ ஒண்ணைக் கண்டுபிடிச்சுட்டு நிக்குதுங்க.

மறுநாள் சாயங்காலம் எங்க வீதி. செவுத்துல கரிக்கோடு மூணு, அதுதான் ஸ்டம்ப். நான் பேட்டிங். பந்தை எடுத்துட்டுப் போய் பாப்பாவோட இடது கையில வெச்சேன். அவ திண்ணையைத் திரும்பிப் பார்த்தா. அம்மாயி வெத்தலை மென்னுக்கிட்டே எங்களையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. ராத்திரியே விஷயத்தை எல்லாம் அக்கா சொல்லியிருக்கணும், நான் தொலைச்சுட்டு நின்ன விஷயம் உட்பட.

"சோத்தை மட்டும் சோத்தாங்கையில தின்னு சாமி. பந்தை எந்தக் கையிலயாவது போட்டுத் தொலை!"

ஓடி வந்தா. போட்டா. நான் காலைத் தூக்கறதுக்குள்ள நடுக்கோட்டுல 'டொப்'புனு ஒரு சத்தம்.

மத்தவங்க எல்லாரும் என்னைப் பார்த்து சிரிச்சாங்க. சாக்கடைப் பக்கம் போக வேண்டியிருந்தது பந்து இல்லை, நான்தான். பேட்டை வாண்டுகிட்ட குடுத்துட்டு ஃபீல்டிங் நிக்க அந்தப் பக்கம் போயிட்டேன்.