அட்டை இற்றுப்போகவில்லை

பட்டுக்கோட்டையில் என் மாமா வீட்டு வாசலில் 1972ஆம் வருடத்து அம்பாசடர் மார்க் 2 நிற்கிறது. நான்கு கதவின் உட்புறத்திலும் புது ரெக்சின். பழையதை ஏன் மாற்ற வேண்டி வந்தது என்று மாமாவிடம் நான் சொன்ன காரணம் பொய்.

"இன்ஜினை மெக்கானிக் பார்த்துக்கட்டும். உள்வேலைய நீ பாரு மாப்ள, உன் கை பொறுமையான கை" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். அந்த நம்பிக்கைக்கு நான் தகுதியாக நடந்துகொள்ளவில்லை.

குஷன் கடைப் பெரியவர் ஒருவர் முன்கூட்டியே எச்சரித்தார். "டோர் பேடை இழுக்காதீங்க தம்பி, கிளிப்பைத் தேடுங்க. வண்டியக் கொஞ்சம் வெயில்ல நிறுத்திட்டு ஆரம்பிங்க. கழட்டினதுல எல்லாம் நம்பர் எழுதுங்க." தலையாட்டிவிட்டு வந்தேன். நாலைந்து வீடியோ பார்த்திருந்தேன். எனக்குத் தெரியாததையா சொல்லிவிட்டார் என்று நினைப்பு.

கண்ணாடி ஏற்றும் கைப்பிடியை ஒழுங்காகத்தான் கழற்றினேன். அதன் அடியில் இருக்கும் வட்டத் தகட்டை உள்ளே அழுத்தினால் குறுக்கே ஒரு சின்ன பின் தெரியும். மெல்லிய ஆணியால் அதைத் தள்ளினால் கைப்பிடி கையோடு வந்துவிடும். அது சுலபமாக வந்ததும் அவசரம் தொற்றிக்கொண்டது.

டோர் பேடு என்பது ரெக்சின் போர்த்திய ஹார்ட்போர்டு அட்டை. அதன் முதுகில் இருக்கும் கம்பி கிளிப்புகள் கதவுத் தகரத்து ஓட்டைகளில் கவ்விப் பிடித்திருக்கும். ஒவ்வொரு கிளிப்புக்கும் பக்கத்திலேயே கவட்டைக் கருவியைக் கொடுத்து நெம்ப வேண்டும். நான் கீழ்மூலையில் விரலை விட்டு வெடுக்கென்று இழுத்தேன். கிளிப் தகரத்திலேயே நின்றது, அட்டை 'பட்'டென்று பிய்ந்தது. அந்தச் சத்தத்திலேயே நிறுத்தியிருக்கலாம். சாயங்காலத்துக்குள் வண்டியை வெறும் கூடாக்கிப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்ப வேண்டும் என்ற ஆசையில் மற்ற மூன்று கதவுகளையும் அதே மாதிரி இழுத்தேன். கூரைத் துணியையும் விடவில்லை. அதைத் தாங்கும் கம்பிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வளைவு. நம்பர் போடாமல் உருவி, ஒரே கட்டாகக் கட்டி மூலையில் போட்டேன்.

அம்பாசடர் 2014 வரை உத்தர்பாராவில் தயாரானதால் இன்ஜின் சாமான்களை அலைந்தாவது வாங்கிவிடலாம். 1972இல் கம்பெனியில் போட்ட ரெக்சினை எங்கே போய் வாங்குவது? உடைந்த அட்டையாவது இருந்திருந்தால் அதை வைத்துப் புதிதை அளவு பிசகாமல் வெட்டியிருக்கலாம். அதையும் மறுநாள் காலையிலேயே பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டேன். ஈரத்தில் இற்ற ஹார்ட்போர்டு கறுத்து, பஞ்சாக உதிரும். நான் உடைத்ததோ வெளிர்பழுப்பாக, நார் நீட்டிக்கொண்டு நின்றது. மாமா பார்த்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார். அந்தப் பயத்தில்தான் போட்டேன்.

மாமா வந்து கேட்டபோது, "அட்டையெல்லாம் ஏற்கெனவே இற்றுப்போயிருந்தது மாமா, தொட்டதும் உதிர்ந்துவிட்டது" என்றேன்.

அவர் என்னைச் சந்தேகிக்கவே இல்லை. கதவில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். "கஜா அன்னைக்கு ராத்திரி தார்ப்பாய் பிச்சுக்கிட்டுப் போயிடுச்சு மாப்ள. அப்பத்தான் தண்ணி இறங்கியிருக்கும். நான் எந்திரிச்சுப் போய் இழுத்துக் கட்டியிருக்கணும்" என்றார்.

2018 நவம்பரில் அந்தக் கஜா புயல் ஊரிலிருந்த தென்னைகளைச் சாய்த்துக்கொண்டிருந்தபோது, வண்டிக்காக எழுந்து போகாதது தன் தப்பு என்று எழுபது வயது மனிதர் என்னிடம் சொன்னார். நான் பேசாமல் நின்றேன். அட்டையை உடைத்தது கைத்தவறு என்றாவது சொல்லிக்கொள்ளலாம். அந்த மௌனத்துக்கு அப்படி ஒரு சாக்கும் இல்லை. அதற்குப் பிறகு யாரிடம் வண்டியைக் காட்டினாலும் அந்த ராத்திரியைச் சொல்லித்தான் மாமா பேச்சைத் தொடங்குகிறார்.

கண்ணாடி இடுக்கு வழியாகக் கதவுக்குள் மழைத்தண்ணீர் இறங்குவது வழக்கம்தான். கீழே இருக்கும் ஓட்டைகள் வழியாக அது வெளியேறிவிடும். அட்டையில் படாமல் இருக்க, தகரத்தின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். நான்கு கதவிலும் அந்தத் தாள் கிழியாமல் இருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

மாமா, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். புயலன்று உங்கள் வண்டிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இறங்கவில்லை. அட்டை காய்ந்து கெட்டியாக இருந்தது. உடைத்தது நான்.