ஏசி போட்டால் ஏறும் முள்

மே 6

கத்திரி தொடங்கிவிட்டது. வேளச்சேரி சிக்னலில் நின்றபோது வண்டியின் வெப்ப முள் பாதியைத் தாண்டி மேலே போனது. ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கினேன். சற்று நேரத்தில் முள் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. திரும்ப ஏசி போட்டதும் திரும்ப ஏறியது. வியர்த்து வழிந்துதான் வீடு வந்து சேர்ந்தோம். பின் சீட்டிலிருந்த அம்மா, "ஏசி இல்லாத அம்பாசடர்லயே நாங்க திருப்பதி போயிட்டு வந்தோம்" என்றார். பதில் சொல்லவில்லை.

மே 8

ஆளுக்கொரு தீர்ப்பு. ஒரு ஒர்க்‌ஷாப்பில் பானட்டைத் திறக்காமலே, "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், இஞ்சினைப் பிரிக்கணும்" என்றார்கள். மச்சான் போனில், "மாமா, தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வீசிட்டு ஓட்டுங்க. இந்த ஊர் வெயிலுக்கு அது எதுக்கு?" என்றான். வாட்டர் பம்ப் என்றார் எதிர்வீட்டுக்காரர். வண்டி எப்போது ஹீட் ஆகிறது, நிற்கும்போதா ஓடும்போதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

மே 10

அதைப் பார்த்துவிடலாம் என்றுதான் இன்று செங்கல்பட்டு வரை போனேன். ஜிஎஸ்டி சாலையில் 80 கிலோமீட்டர் வேகம், ஏசி முழு அளவில், உச்சி வெயில். முள் அசையவே இல்லை. பரனூர் சுங்கச்சாவடி வரிசையில் நின்றதும் ஏறத் தொடங்கியது. வரிசை நகர்ந்து வண்டி வேகமெடுத்ததும் தானாக இறங்கியது.

இதிலேயே பாதி விடை இருக்கிறது. ஏசியின் கண்டன்சர், ரேடியேட்டருக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. கேபினிலிருந்து எடுத்த வெப்பத்தை அது காற்றில் கொட்டுகிறது. அந்தச் சூடான காற்றுதான் பின்னாலுள்ள ரேடியேட்டரைக் குளிர்விக்க வேண்டும். போதாததற்கு கம்ப்ரசர் சுமையும் இஞ்சின் தலையில். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று இதையெல்லாம் சமாளித்துவிடும். நிற்கும்போது ஃபேனை விட்டால் வேறு கதி இல்லை. பம்ப்போ தெர்மோஸ்டாட்டோ கெட்டிருந்தால் நெடுஞ்சாலையிலும் முள் ஏறியிருக்கும். சந்தேகம் காற்றின் பக்கம் திரும்புகிறது.

மே 12

வழக்கமாகப் போகும் பாயின் ஷெட். காலையில் இஞ்சின் சில்லென்று இருக்கும்போதே வரச் சொல்லியிருந்தார். மூடியைத் திறக்க அதுதான் நேரம். ரேடியேட்டர் மூடியில் 1.1 பார் என்று போட்டிருக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காது. சூட்டில் மூடியைத் திருகினால் அழுத்தம் சட்டென்று விழுந்து, உள்ளே இருப்பது ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

கூலன்ட் அளவு குறையவில்லை. மூடியைத் திறந்தபடியே ஸ்டார்ட் செய்து பார்த்தார். விடாமல் குமிழி வரவில்லை. டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் டீ நிறத்துக்கு மாறவில்லை. "ஹெட் கேஸ்கெட்டை இப்போதைக்கு விட்டுடலாம் சார்" என்றார்.

மூடியைப் போட்டுவிட்டு ஏசியை ஆன் செய்ததும் ஃபேன் சுற்றியது. பலர் இங்கேயே, ஃபேன் ஓடுதே என்று நகர்ந்துவிடுவார்கள். பாய் நகரவில்லை. ஸ்டீயரிங்குக்கு அடியில் ஸ்கேனரைச் செருகி, டிகிரியைப் படிக்கச் சொல்லி போனை என் கையில் கொடுத்தார். 92, 95, 98, 101. ஃபேன் அதே சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. "பாருங்க, இந்நேரம் ரெண்டாவது ஸ்பீடு வந்திருக்கணும்."

இந்த வண்டியின் ஃபேனுக்கு இரண்டு வேகம். ஏசி போட்டதும் ரெசிஸ்டர் வழியாக மெதுவாகச் சுற்றும். கூலன்ட் சூடு கூடினால் வேறொரு ரிலே வழியாக முழு வேகம் பிடிக்கும். வண்டியை அணைத்தார். பேட்டரியிலிருந்து ஃபேனுக்கு நேரடியாக ஒயர் கொடுத்தார், சீறிக்கொண்டு சுற்றியது. மோட்டார் நல்லது. ஃப்யூஸும் நல்லது. ஃப்யூஸ் பெட்டியில் அதே எண்ணுள்ள ஹார்ன் ரிலேயைப் பிடுங்கி ஃபேன் ரிலே இடத்தில் வைத்து மறுபடி ஓடவிட்டார். 98-இல் முழு வேகம் வந்தது. பழைய ரிலேயைப் பிளந்து காட்டினார். உள்ளே தொடுமுனை கருகியிருந்தது. புது ரிலே சில நூறு ரூபாய்.

மே 13

முள் இப்போது பாதியிலேயே நிற்கிறது. ஆனாலும் ஸ்கேனரில் பார்த்தால் சிக்னலில் ஃபேன் நெடுநேரம் முழு வேகத்தில் ஓடியும் சூடு சீக்கிரம் இறங்கவில்லை. மறுபடி ஷெட். பம்பர் வழியாகப் பார்த்தால் கண்டன்சர் சுத்தமாகத்தான் இருந்தது. மேல் பிராக்கெட்டைக் கழற்றி, கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்தோம். தூசும் பஞ்சும் இறகும் கெட்டியாக அப்பிக் கிடந்தன. வாட்டர் சர்வீஸில் அடிக்கும் பிரஷரில் அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிப்போகும். இஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, சாதாரண ஹோஸ் தண்ணீரை நிதானமாக விட்டார் பாய். கறுப்பாக ஒழுகியது.

மே 16

மாலை நெரிசலில் வேளச்சேரி. ஏசி ஓடுகிறது. 97, 98, ஃபேன் சீற்றம், பிறகு 93.

மச்சான் இன்னும் தெர்மோஸ்டாட்டை விடவில்லை. நம் ஊரில் அதைக் கழற்றி எறிவது வைத்தியமாகவே ஆகிவிட்டது. அது இல்லையென்றால் இஞ்சின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும். அதுவரை கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றும். சில இஞ்சின்களில் பைபாஸ் வழி திறந்தே கிடந்து, பாதிக் கூலன்ட் ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றிவரும். சூடு இன்னும் ஏறும். கெட்டிருந்தால் மாற்றலாம், கழற்றுவது கூடாது. ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றுவதும் அப்படித்தான், உப்பு படிந்து குழாய் அடைக்கும்.

உங்கள் வண்டியும் ஏசி போட்டால் ஹீட் ஆகிறதா? மெக்கானிக்கிடம் போகுமுன் நின்றால் ஏறுகிறதா, ஓடினால் ஏறுகிறதா என்று பார்த்து, அதையே முதலில் சொல்லுங்கள். இஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்பவரிடம், ஃபேனின் இரண்டாவது வேகம் வருகிறதா என்று கேளுங்கள்.