முப்பது வருடம் கழித்து ஒரு திருத்தம்

வகுப்பில் நான் சொன்ன ஒரு தவறான பதிலைத் திருத்தவே இதை எழுதுகிறேன்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். காவல் பணியில் இருக்கிறான். காபி குடித்துக்கொண்டே, "சார், குண்டு துளைக்காத சட்டை போட்டவனைச் சுட்டா என்ன ஆகும்னு பத்தாவதுல கேட்டேன். 'ஒண்ணும் ஆகாது, உட்காருடா'ன்னீங்க" என்று சிரித்தான். பிறகு நெஞ்சின் இடப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினான். ஒரு மோதலில் கைத்துப்பாக்கிக் குண்டு பட்டதாம். சட்டை தடுத்துவிட்டது. "அதான் தடுத்துடுச்சேன்னு ரெண்டு நாள் டாக்டர்கிட்டயே போகல சார்." எக்ஸ்ரே எடுத்தபோது விலா எலும்பு முறிந்திருந்தது.

அவன் போன பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 8 கிராம் குண்டு, வினாடிக்கு 400 மீட்டர் வேகம். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் வரும் 160 கிராம் கிரிக்கெட் பந்துக்கும் இதே உந்தம்தான். அதனால் சினிமாவில் போல ஆள் பின்னால் பறக்க மாட்டான். ஆனால் ஆற்றல்? பந்துக்கு 32 ஜூல், குண்டுக்கு 640 ஜூல். பெரும்பகுதியைக் கெவ்லார் இழைகள் இழுபட்டும் அறுந்தும், குண்டு நசுங்கியும் தீர்த்துவிடுகின்றன. மீதி, ஆயிரத்தில் ஒரு வினாடிக்கும் குறைந்த நேரத்தில், உள்ளங்கைக்கும் சிறிய இடத்தில் சட்டையைக் குழித்து உடம்பில் இறங்குகிறது.

இதைச் சோதிப்பவர்களுக்கு இது தெரியும். சட்டையைக் களிமண் கட்டிமேல் கட்டிச் சுடுவார்கள். குண்டு துளைக்காவிட்டாலும், பின்னால் களிமண்ணில் விழும் பள்ளத்தை அளப்பார்கள். அமெரிக்கத் தேசிய நீதி நிறுவனத்தின் தரவிதியில் அந்தப் பள்ளத்துக்கு 44 மி.மீ. வரம்பு உண்டு. தாண்டினால் சட்டை ஃபெயில்.

ஆக, துளைக்கவில்லை என்றால் ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தமில்லை. போலீசிலும் ராணுவத்திலும் இருக்கும் என் பிள்ளைகளே, சட்டை தடுத்தாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். வெளியே சிராய்ப்பு மட்டும் தெரியும். உள்ளே நுரையீரல் அடிபட்டிருக்கலாம்.

அன்று நான், "தெரியலடா, பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். இப்படி வேறு யாரையாவது உட்கார வைத்திருந்தால், அந்தக் கேள்வியைக் கீழே எழுதுங்கள். இப்போது எனக்கு நேரம் இருக்கிறது.