நாற்பது என்று எழுதினேன்

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பி மில். அதில் பராமரிப்பு மேலாளராக இருந்தேன். பில்லட்டைச் சுமார் 1,200 டிகிரிக்குக் காய்ச்சிக் கம்பியாக உருட்டுவோம். உலைக்கு ஃபர்னஸ் ஆயில். ஒரு லிட்டர் எரிந்தால் ஏறக்குறைய 3 கிலோ கரியமில வாயு.

புகைபோக்கியில் வீணாகும் சூட்டைக்கொண்டு உலைக்குப் போகும் காற்றைச் சூடாக்க ரெக்குப்பரேட்டர் வைத்தோம். யோசனை என்னுடையது. காற்று 22 டிகிரி சூடேறினால் எண்ணெயில் சுமார் ஒரு சதவீதம் மிச்சம். டன்னுக்கு 46 லிட்டர் குடித்த உலை 40-க்கு இறங்கியது. எல்லோர் முன்னாலும் முதலாளி கைகொடுத்தார். அந்த மயக்கம் எனக்குத் தெளியவே இல்லை.

ரோல் மாற்றும்போது காற்றை ஊதும் புளோயரையும் நிறுத்தச் சொன்னேன், கரண்டு மிச்சமாகட்டும் என்று. காற்று ஓடாவிட்டால் ரெக்குப்பரேட்டர் குழாய்கள் வெந்துபோகும். அது எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம்தானே என்று விட்டேன். ஒரு ராத்திரி வெந்தே போயின.

காலையில் முதலாளி கேட்டார், யார் நிறுத்தியது என்று. ஒரு மூச்சு விடும் நேரம் இருந்தது. "நைட் ஷிப்ட் ஃபயர்மேன்" என்றேன். நிறுத்தியது அவர் கைதான். அந்த உண்மையைத்தான் பொய்யாகப் பயன்படுத்தினேன்.

அவர் என்னைவிட மூத்தவர். கணக்கு முடித்து அனுப்பினார்கள். கேட்டில் என்னிடம் மட்டும், தணிந்த குரலில், "நீங்கதானே சார் நிறுத்தச் சொன்னீங்க" என்றார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

புதிது வாங்கப் பணம் கேட்டால் வெளியாள் வந்து சோதிப்பான். பயம். ஒட்டுப்போட்டுச் சரிசெய்தாயிற்று என்றேன். குளிர்ந்த காற்றையே உலைக்குத் திருப்பிவிட்டேன். பதிவேட்டில் 40 என்றே எழுதினேன். கூடுதல் எண்ணெயை மில் நின்ற நேரக் கணக்கில் தள்ளினேன். 14 மாதம். நாளுக்கு 100 டன் கம்பி, 600 லிட்டர் வீண். கூட்டினால் 600 டன்னுக்கு மேல் கரியமில வாயு. அந்தக் கூட்டலை வேலையை விட்ட பிறகுதான் போட்டுப் பார்த்தேன்.

2024 டிசம்பரில் எஃகு அமைச்சகம், ஒரு டன் எஃகுக்கு 2.2 டன்னுக்கும் குறைவாகக் கரியமில வாயு உமிழ்ந்தால் அது பசுமை எஃகு என்று வரையறுத்தது. படித்தபோது என் பதிவேடுதான் கண்முன் வந்தது. அந்த வரையறை நம்பியிருப்பது என்னைப் போன்றவர்கள் நிரப்பும் கட்டங்களைத்தான்.

ஃபயர்மேன் இப்போது மிஷன் வீதியில் ஒரு கடைக்கு ராக்காவல். தூரத்தில் கண்டால் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுகிறேன். இதை எழுதுவதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.