மேசை மேல் ஒரு ஏரி

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்து பள்ளி திறந்தபோது, என் ஏழாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகளிடம் புத்தகம் இல்லை. புதுப் புத்தகம் வரும்வரை என்ன செய்வது? 'ஏரி' என்று தலைப்பு வைத்து, கிடைத்ததையெல்லாம் மேசையில் பரப்பினேன். வெள்ளச் செய்திகள், மழை அளவுப் பட்டியல், தாம்பரம் வரைபடம், பழைய கோகுலம் இதழ்கள், ஒரு பாட்டி சொல்லி நான் எழுதி வைத்த ஏரிக் கதை. "பிடிச்சதை எடுங்கப்பா" என்றேன்.

முடிச்சூர்ப் பையன் ஒருவன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பான், மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் "உட்காரு" என்று சொல்லி அடுத்தவனை எழுப்பிவிடுவேன். அவன் மழைப் பட்டியலை எடுத்து, விரல் வைத்துப் படித்தான்: டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ.

"சார், அன்னிக்குதான் எங்க வீட்டுல கழுத்து வரைக்கும் தண்ணி."

நான்கு நாளில் பாட்டி கதைக்கு வந்துவிட்டான். "கலங்கல்னா என்ன சார்?"

"ஏரி நிரம்பினா மிச்சத் தண்ணி வழியற இடம்."

"அதை அடைச்சு வீடு கட்டிட்டா?"

யாரும் சிரிக்கவில்லை.

அந்த வருடமும் அவனுக்குச் சரளமாகப் படிக்க வரவில்லை. ஆனால் "உட்காரு" என்று நான் பிறகு யாரிடமும் சொன்னதில்லை.

இன்று வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் வருகின்றன. மகிழ்ச்சி. பணியிலிருக்கும் ஆசிரியர்களே, ஒரு வேண்டுகோள்: கையில் திணிக்காதீர்கள். பரப்பி வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.