எட்டுப் புள்ளிகள்

எலப்புள்ளியில் நான் அளந்த முதல் வகுப்புப் பிள்ளைகளுள் ஒருவனுடைய எட்டுப் புள்ளிகள் இன்னும் என் மேசைமேல் இருக்கின்றன. அந்த வகுப்பில் தமிழ் பேசும் வீட்டிலிருந்து வந்தவன் அவன் ஒருவனே. மாதம் ஒருமுறை படங்களைக் காட்டிச் சொல்வளத்தை அளந்தோம். மற்றவர்களின் புள்ளிகள் மெல்ல ஏறின. இவனுடையவை நான்காம், ஆறாம், எட்டாம் மாதங்களில் சரிந்தன.

கலப்பு விளைவு மாதிரியைப் பொருத்தினேன். லேர்டும் வேரும் 1982-இல் எழுதிய கட்டுரைக்குப் பின் பரவலான முறை அது: குழுவுக்கு ஒரு பொதுக்கோடு, ஒவ்வொருவருக்கும் அதிலிருந்து விலகும் சொந்தத் தொடக்கமும் சாய்வும். அளவீடுகள் குறைவாகவோ சிதறியோ இருந்தால் தனிக்கோட்டை அது பொதுக்கோட்டின் பக்கம் இழுக்கும். பெரும்பாலும் அது நன்மையே. இழுத்த பின்னும் இவன் கோடு ஏறக்குறையத் தட்டையாகவே நின்றது. ஏற்ற இறக்கமெல்லாம் ‘பிழை’ என்ற உறுப்புக்குள் ஒடுங்கிவிட்டது. வரைவறிக்கையில் ‘வளர்ச்சி மந்தம்’ என்ற பட்டியலில் அவன் எண்ணைச் சேர்த்தேன்.

வகுப்பு டீச்சர் வரைபடத்தைப் பார்க்கவில்லை, தேதிகளைப் பார்த்தார். “சார், இந்த மூணு நாளும் நீங்க வரலியே. அந்த மேடம்தானே வந்தாங்க? அவங்க எல்லாரையும் மலையாளத்துல இல்ல கேட்டாங்க.”

இவனிடம் நான் தமிழில் கேட்டு வந்தேன் என்பதை உடன் பணிபுரிந்தவரிடம் சொல்லத் தவறியிருந்தேன்.

பிரான்சில் மோன்பெயார் என்பவர் 1759 முதல் 1777 வரை, ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தம் மகனின் உயரத்தை அளந்தார். பருவ வயதின் திடீர்ப் பாய்ச்சல் அந்த ஒற்றைப் பையனின் கோட்டில் தெளிவாகத் தெரிகிறது. பல பிள்ளைகளை வயதுவாரியாகச் சராசரி எடுத்தால் அது மழுங்கிவிடும், ஏனெனில் ஒவ்வொருவரும் வெவ்வேறு வயதில் பாய்கிறார்கள். ஆட்களுக்கிடையே காணும் வேறுபாட்டைக் கொண்டு ஓர் ஆளுக்குள் நிகழும் மாற்றத்தைச் சொல்ல முடியாது என்று பீட்டர் மோலனார் 2004-இல் வாதிட்டதும் இதைச் சார்ந்ததே. ஆனால் மோன்பெயாரின் அளவுகோல் பதினெட்டு ஆண்டும் ஒன்றுதான். என் கோல் நான்காம் மாதமே மாறிவிட்டது.

ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் 2002-இல் தொடங்கிய ‘யங் லைவ்ஸ்’ நெடுக்காய்வு சுமார் 3,000 பிள்ளைகளை 2016 வரை ஐந்து சுற்றுகளில் சந்தித்தது. வறுமை ஒரு தலைமுறையை எப்படிப் பிரிக்கிறது என்பதை அறிய அது உதவும். ஒரு பிள்ளையின் மாதங்கள் அதில் தெரியா. அதற்காக அது நடத்தப்படவும் இல்லை.

தமிழில் கேட்ட ஐந்து புள்ளிகளை மட்டும் இணைத்தால் கோடு ஏறுகிறது. ஐந்தே புள்ளிகள் என்பதால் நம்பிக்கை இடைவெளி மிக அகலம். மந்தம் என்றும் சொல்ல இயலாது, வேகம் என்றும் சொல்ல இயலாது. ஆனால் வரைவு அதற்குள் பள்ளிக்குப் போயிருந்தது. அவன் அம்மாவை அழைத்துச் சொல்லியும் விட்டார்கள்.

அவரைப் பார்க்கச் சென்றேன். சாய்வு, இடைவெளி எதையும் விளக்கவில்லை; தவறு என்னுடையது என்று மட்டும் சொன்னேன்.

“அப்ப இனிமே அவனைத் தமிழ்லயே கேப்பீங்களா தம்பி?”

ஒன்பதாம் மாதத்திலிருந்து இரு மொழிகளிலும் கேட்கிறேன். அவனுக்கு இப்போது இரண்டு கோடுகள்.