கச்சான் காற்று தந்த மணம்

தேநீரைப் பற்றி நம் வீடுகளில் எழும் விவாதமெல்லாம் சாயத்தைப் பற்றியதாகவே இருக்கும். "சாயம் இறங்கவில்லை", "சாயம் கடுத்துவிட்டது", "இந்தத் தூளில் சாயமே இல்லை" என்று குறை கூறுவோர் பலர். பேணியைத் திறந்து, அதனுள் கிடக்கும் உலர்ந்த இலையை முகர்ந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்வோர் மிகச் சிலர். சந்தையிலே மாம்பழத்தை முகராமல் வாங்காத இல்லத்தரசியும், நெய்யை மூக்கருகே கொண்டுபோய் நல்லது கெட்டது சொல்லிவிடும் பெரியவரும், தேயிலையை மட்டும் பொதியின் வர்ணத்தைப் பார்த்து வாங்கி வருகின்றனர். பிற தேசத்தார் விலை கொடுத்துத் தேடும் மணம் நமது தீவின் மலைகளிலே பிறக்கிறது. நமது மொழி பேசும் கைகளே அதனைப் பறித்துத் தருகின்றன. எனினும் அம்மணம் இன்னதென்று அறியுமுன்னரே அதன்மேல் கொதிநீரை ஊற்றிவிடுகிறோம்.

முகர்வதற்கும் ஒரு முறையுண்டு. கொழும்பிலே 1883ஆம் ஆண்டில் தேயிலை ஏலம் தொடங்கியது. 2020இல் ஏல மண்டபத்துக் கூச்சல் ஓய்ந்து வியாபாரம் கணினித் திரைக்கு மாறியது. ஆனால் மனிதனுடைய மூக்குக்கும் நாவுக்கும் உரிய வேலையை எந்தத் திரையும் எடுத்துக்கொள்ளவில்லை. தேயிலையைச் சுவைத்து மதிப்பிடும் நிபுணர்கள் கோப்பையை நாடுமுன் உலர்ந்த இலையைத்தான் பார்க்கின்றனர். உள்ளங்கை நிறைய இலையை எடுத்து, இரு கைகளாலும் குவித்து, மூக்கை அதற்குள் புதைக்க வேண்டும். உடனே மூச்சை உள்ளிழுத்தல் கூடாது. முதலில் மெல்ல வெளியே விட வேண்டும். அந்த மூச்சின் சூடும் ஈரமும் பட்டு, உறங்கிக் கிடந்த இலை கண்விழிக்கும். அதன் பின்னரே மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். பூவை முகர்வதுபோல் அவசரமாக முகர்ந்துவிட்டு, "ஒன்றும் தெரியவில்லையே" என்று கையை உதறுவோருக்கு இந்தச் சிறு உபாயம் தெரிந்திருப்பதில்லை.

அம்மணம் எங்கிருந்து வருகிறது? செடியிலிருந்து கிள்ளிய கொழுந்தை முகர்ந்தால் பச்சைப் புல்லின் வாடைதான் வரும். வாசனைப் பொருள்களிற் பெரும்பகுதி அப்போது சர்க்கரையோடு பிணைந்து, வெளியேற வழியின்றி இலைக்குள் அடைபட்டிருக்கும். கொழுந்தை ஓரிரவு வாட்டிப் பின்னர் நசுக்கிச் சுருட்டும்போது கலங்கள் உடைகின்றன. இலையிலுள்ள நொதியங்கள் அக்கட்டினை அவிழ்க்கின்றன. அப்போது விடுதலையாகும் பொருள்களுள் ஒன்று லினலூல். நம் அடுக்களைக் கொத்தமல்லி விதையிலும் அதுவே மணக்கிறது. இன்னொன்று ஜெரனியோல், அது ரோசா மலரிலும் உண்டு. இவ்வாறு ஆவியாகி மணக்கும் பொருள்கள் தேயிலையிலே 600க்கு மேல் இருப்பதாகக் கண்டறிந்துள்ளனர். இறுதியில் சூடான காற்றிலே இலையை உலர்த்தி, ஈரத்தை நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்குக் குறைக்கின்றனர். அந்தச் சூட்டிலே மணத்தில் ஒரு பகுதி பறந்து போய்விடுகிறது. விடியற்காலையில் தேயிலைத் தொழிற்சாலையைக் கடந்து செல்வோர், "ஆகா, என்ன வாசனை!" என்று நின்று வியக்கின்றனரே, அது இலையை விட்டுப் பிரிந்து சென்ற மணம். இலையோடு தங்கிவிட்ட மிச்சமே நம் பேணிக்கு வந்து சேர்கிறது.

இந்தத் தொழில் நம் நாட்டில் வேரூன்றியது கண்டிக்குத் தென்கிழக்கேயுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் அங்கே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அவருடைய முதல் தொழிற்சாலை அவரது பங்களாவின் விறாந்தைதான். மேசைமேல் கொழுந்தைப் பரப்பிக் கைகளாலேயே உருட்டி, கரி நெருப்பின்மேல் தட்டு வைத்து உலர்த்தினார்கள். அடுத்த இரண்டாண்டிலே, 1869இல், கோப்பிச் செடியைத் துருநோய் பற்றிக்கொண்டது. அது பரவிக் கோப்பித் தோட்டங்கள் அழியவும், அவற்றுக்கென்று தமிழகத்துக் கிராமங்களிலிருந்து அழைத்து வரப்பட்டிருந்த மக்கள் அதே மலைகளில் தேயிலை நட்டார்கள். ஊவா, திம்புள என்ற பெயர்கள் உலகச் சந்தையில் ஏறிய வரலாறு அங்கே தொடங்குகிறது.

அவற்றுள் ஊவாவின் மணத்தை அது பிறக்கும் இடத்திலேயே அறிய வேண்டுமென்று ஓர் ஆகஸ்டு மாதத்தில் மலைநாட்டுப் புகையிரதத்தில் ஏறினேன். அப்பயணத்திலே கண்ட ஓர் அற்புதத்தைச் சொல்லாமல் அப்பால் செல்ல மனமில்லை. அட்டன், தலவாக்கலை, நானுஓயா எங்கும் மழை. சன்னல் கண்ணாடியில் நீர் வழிந்தது. சரிவுகளில் பனியும் புகையும் கலந்து படர்ந்திருந்தன. தலையில் கொங்காணி போட்ட பெண்கள் நனைந்தபடியே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தனர். 1,890 மீற்றருக்கு மேலேயுள்ள பட்டிப்பொல நிலையத்தைத் தாண்டியதும் புகையிரதம் ஒரு சுரங்கத்துள் நுழைந்தது. இருள் நீங்கி வெளியே வந்தபோது மழை இல்லை! நீலவானம், மஞ்சள் வெயில், முகத்தில் அறையும் வறண்ட காற்று. ஒரு மலைமுதுகுக்கு இப்பால் மாரி, அப்பால் கோடை. மேற்கிலிருந்து வரும் பருவக்காற்று தன் நீரையெல்லாம் இப்பக்கத்துச் சரிவிலே கொட்டிவிட்டு, வெறுங்கையோடு ஊவாவுக்குள் இறங்குகிறது.

யாழ்ப்பாணத்தார் சோளகம் என்று சொல்லும் பருவத்திலே வீசுகின்ற இக்காற்றை மட்டக்களப்பார் கச்சான் என்பர். கச்சான் என்றதும் கடற்கரையில் விற்கும் நிலக்கடலைச் சுருளை நினைத்துக்கொள்ளும் சிறுவர்களுக்கு இது வேறு கச்சான் என்று சொல்லிவைக்கிறேன். வயலைக் காயவைத்து, உதட்டை வெடிக்கவைக்கும் இந்தக் காற்றை மட்டக்களப்பு விவசாயி ஏசுவான். ஊவாவின் தேயிலைக்காரரோ அதன் வரவை எண்ணி நாட்காட்டியைப் பார்த்திருப்பர். யூலை முதல் செப்டெம்பர் வரையிலான காலத்திலே, இக்காற்று இடைவிடாது வீசும் சில வாரங்கள்தாம் ஊவாவின் பொற்காலம். வறட்சியில் செடி வளர்ச்சியைக் குறைத்துக்கொள்கிறது. கொழுந்து சிறுத்து, மணம் செறிகிறது. கூடையின் நிறை குறையும். இலையின் விலை ஏறும்.

அப்புத்தளைக்கு மேலே, லிப்டன் 1890இல் கட்டிய தம்பேதன்னைத் தொழிற்சாலையைப் பார்க்கப் பிரயாணிகள் செல்வர். நான் சென்றது அதற்குச் சற்றுத் தொலைவிலுள்ள, பெயர் பரவாத ஒரு தொழிற்சாலைக்கு. தோட்ட மக்கள் அதனை 'ஸ்டோர்' என்பர். மேல்மாடியிலே சன்னல்களையெல்லாம் திறந்துவிட்டிருந்தார்கள். கச்சான் உள்ளே புகுந்து, பரப்பிவைத்திருந்த கொழுந்தின்மேல் சலசலத்துச் சென்றது. ஸ்டோரின் தலைவரான டீ மேக்கர் நரைத்த மீசைக்காரர். சொற்களைச் சிக்கனமாகச் செலவிடுபவர். இரண்டு வெள்ளைக் கடதாசித் துண்டுகளை விரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பிடி உலர்ந்த இலையை வைத்து, "பாருங்கள்" என்று மட்டும் சொன்னார்.

கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. அதே கருமை, அதே சுருள். முதலாவதை முகர்ந்தேன். நல்ல தேயிலை, உலர்ந்த வைக்கோலும் சிறிது பாணியும் கலந்ததுபோல ஒரு வாசம். இரண்டாவதை முகர்ந்தபோது மூக்கின் உச்சியிலே ஒரு குளிர்ச்சி ஏறியது. புதினாவோ என்றால் புதினா அன்று. நோவுக்குப் பூசும் தைலத்தின் நினைவு வந்தது, ஆனால் அதன் கடுமை இல்லை. அடியிலே ஏதோ ஒரு மலரின் இனிமை, மேலே அந்தக் குளிர்ச்சி. முதலாவது யூன் மாதத்தில் மழைத்தூறல் விழுந்த நாளொன்றின் இலை என்றும், இரண்டாவது சென்ற வாரத்துக் காற்றின் இலை என்றும் அவர் பின்னர் விளக்கினார். ஒரே மலை, ஒரே செடி, அதே கைகள். வேறாக இருந்தது காற்றொன்றே. தைலத்தின் நினைவு வந்ததிலும் பிழையில்லை. ஊவாவின் மணத்துக்குக் காரணமான பொருள்களில் முதன்மையான மெதைல் சலிசிலேற்று, நோவெண்ணெய்களிலும் சேர்க்கப்படுவதே.

காற்று வீசிய வாரத்து இலையில் ஒரு சிறு பொட்டலம் தந்தார். அதனோடு கீழே இறங்கி வந்தபோது, கொழுந்து நிறுக்கும் மடுவத்திலே மாலை நிறுவை முடிந்து பெண்கள் கூடைகளைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதே மலையில் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மாளிடம் பொட்டலத்தை நீட்டி, "இதை மணந்து பாருங்கள் அம்மா" என்றேன். அவர் கையை முந்தானையிலே துடைத்துவிட்டு வாங்கி முகர்ந்தார். சற்று நேரம் பேசவில்லை.

"இது காத்தடிக்கிற நாளுக் கொழுந்து ஐயா. மத்தியானம் மடுவத்திலே கூடையைக் கவிழ்க்கிறப்போ லேசா இந்த வாசம் வரும். தூளிலேயும் அது இருக்கும்னு எனக்குத் தெரியாது. எங்களுக்குக் கிடைக்கிறது சாயத்தூளுங்க" என்றார்.

நிபுணர் பட்டம் பெறாத அம்மூக்கு, கொழுந்தின் வாசத்திலிருந்தே காற்றை இனங்கண்டுவிட்டது. முப்பது ஆண்டுகள் பறித்த கைக்கு அதன் பலன் ஒரு பொட்டல அளவேனும் வந்து சேர்ந்திருக்கவில்லை என்பதும் அந்த ஒரு சொல்லிலே வெளிப்பட்டது. ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து உலர்ந்துதான் ஒரு கிலோ தேயிலையாகிறது. சலித்துப் பிரித்த தரங்களுள் மணமுள்ளவை மூட்டையாகி மலையிறங்குகின்றன. ஊவா என்ற பெயருக்கு உலகச் சந்தையிலே நூறாண்டுகளுக்கு மேலாகக் குடியுரிமை உண்டு. அதைப் பறித்தவர்களின் குடியுரிமையையோ 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்துக்கொண்டது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் பல்லாயிரவர் கப்பலேறினர். எஞ்சி நின்றவர்களின் கணக்கைத் தீர்க்க 2003இல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. பொட்டலத்தை அந்த அம்மாளிடமே விட்டுவிட்டு வந்தேன். டீ மேக்கர் மேலே சன்னலிலிருந்து பார்த்துவிட்டு, மறுநாட் காலையில் இன்னொன்று தந்தார். காரணம் ஒன்றும் கேட்கவில்லை.

ஏனைய இடங்களைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். நுவரெலியாவின் உலர்ந்த இலை அடக்கமான மணமுடையது. மூச்சுவிட்டு எழுப்பினாலன்றி அது பேசாது. எழுந்தாலோ, எலுமிச்சைத் தோலைக் கீறியதுபோன்ற மென்மை. திம்புளப் பகுதிக்குக் காலம் வேறு. வடகீழ்க் காற்று வீசும் ஜனவரி முதல் மார்ச் வரையே அதற்குச் சிறப்பு. மலைமுதுகின் மறுபக்கம் மழைபெற இப்பக்கம் காய்கிறது. ஊவாவின் கதை அப்படியே தலைகீழாக நடக்கிறது. காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலை நீண்டு முறுகிய கரிய இலையாக இருக்கும். அதன் மணம் தேனும் வெல்லமும் சேர்ந்தாற்போலக் கனமானது. மத்திய கிழக்கு நாட்டார் அதனை விரும்பி வாங்குகின்றனர். மலைநாட்டுத் தேயிலையைப் பெரிதாக மதிப்போர் இதனை இழிவாகப் பேசுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மழைநாள் மாலையில் சீனியின்றிக் குடிப்பதற்கு அதனினும் நல்லது வேறில்லை.

இனி, வீட்டுக்கு வருவோம். மலையிலிருந்து இவ்வளவு தூரம் காப்பாற்றி வந்த மணத்தை நம் அடுக்களையிலே ஒரு வாரத்தில் கொன்றுவிடலாம். தேயிலை உலர்ந்த பொருளாதலால், ஈரத்தையும் அயல் வாசனையையும் தாகத்தோடு உறிஞ்சும். சீரகப் போத்தலுக்கும் மிளகாய்த்தூளுக்கும் நடுவே, கீழ்த்தட்டிலே கருவாட்டுப் பொதி கிடக்கும் அலுமாரியில், மூடி இறுகாத பேணியில் இருக்கும் தேயிலை மூன்றுக்கும் பொதுவான ஒரு வாசனையைத் தனக்கென்று வைத்துக்கொள்ளும். இறுக மூடும் தகரப் பேணியே நல்லது. கண்ணாடிப் போத்தல் அழகுதான். வெளிச்சம் இலைக்குப் பகை. ஈரக் கரண்டியை உள்ளே விடலாகாது. மலிவென்று ஆண்டுக்கு வேண்டியதை ஒன்றாக வாங்காமல், ஓரிரு மாதத்துக்கு வேண்டியதை வாங்குவதே உத்தமம்.

பொதியில் வாளேந்திய சிங்க இலச்சினை இருந்தால், உள்ளே இருப்பது முழுவதும் இலங்கைத் தேயிலை, இங்கேயே பொதி செய்யப்பட்டது என்று பொருள். ஆனால் எந்த மலை என்பதை அது சொல்லாது. மாவட்டத்தின் பெயர் தனியே அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல இடத்து இலைகளைக் கலந்த பொதியிலே சாயம் குறையாமல் இருக்கும், இடம் இராது. ஊவா என்று எழுதிய பொதி கிடைத்தால், முதலில் கைகளைக் குவித்து மூச்சைவிட்டு முகர்ந்துவிட்டு, ஒரு தேக்கரண்டி இலைக்கு ஒரு கோப்பை கொதிநீர் ஊற்றி, நான்கு நிமிடம் மூடிவைத்துப் பருகுங்கள். பாலை இரண்டாவது கோப்பைக்கு வைத்துக்கொள்ளலாம்.